பூச்சி மருந்து வாங்கும் முன் சாணத்தைப் பாருங்கள்

டெல்டா மாவட்டங்களின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். வீட்டில் நான்கு மாடுகள். உறுப்பினர்களுக்காகச் சங்கங்கள் மொத்தமாக வாங்கும் பூச்சி மருந்து, அதாவது மாட்டின் உடலில் வாழும் புழுக்களுக்கான மருந்து பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல்.

எங்கள் செவலைப் பசுவுக்கு இரண்டு வருடம் தவறாமல் ஐவர்மெக்டின் ஊசி போட்டோம். ஆனாலும் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்தது. பால் பாதியாகக் குறைந்தது. ஊசிதான் போட்டாயிற்றே, பூச்சியாக இருக்காது என்று தீவனத்தைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் சாணத்தைச் சோதித்தபோது கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டை இருந்தது. ஐவர்மெக்டின் உருண்டைப்புழுவை முடக்கும் மருந்து. தட்டைப்புழுவை அது ஒன்றும் செய்யாது.

வாய்க்கால் நத்தையிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மாட்டுக்கும் வரும் இந்தப் புழு, குட்டியாக இருக்கும்போது ஈரலைக் குடைந்து தின்கிறது. அந்தப் பருவத்தில் நம்மைப் போலவே ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையை எரிக்கிறது. வளர்ந்து பித்தக் குழாய்க்குள் போனதும் பிழைப்பை மாற்றிக்கொள்கிறது. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் குளுக்கோஸை மாலேட் என்ற பொருளாக்கி, அதைச் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அசிட்டேட்டாகவும் மறு பங்கைப் புரோப்பியோனேட்டாகவும் வெளியே விடுகிறது. நம் உடலில் எலக்ட்ரான்களைக் கடத்தும் யுபிகுவினோனுக்குப் பதிலாக ரோடோகுவினோன் என்ற பொருளை வைத்து இந்த வேலையை நடத்துகிறது. புழு வெளியிடும் புரோலின் என்ற அமினோ அமிலம் பித்தக் குழாயின் சுவரைத் தடிக்க வைக்கிறது. நாள்பட்ட ஈரலைக் கறிக்கடையில் அறுத்தால் கத்தி கரகரவென்று ஓடும். தடித்த குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பதுதான் காரணம்.

ஆக்சிகுளோசனைடு என்ற தட்டைப்புழு மருந்தைக் கொடுத்தால், ஏரிக்கரையில் ஓட்டை விழுந்து மதகுக்கு வராமலே தண்ணீர் வடிந்துவிடுவது மாதிரி, மைட்டோகாண்ட்ரியாவில் தேங்கி ஆற்றல் தர வேண்டிய புரோட்டான்கள் வீணாகக் கசிகின்றன. புழுவின் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் கிடைப்பதில்லை. ஆனால் இது பித்தக் குழாயில் இருக்கும் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். அல்பெண்டசோலும் அப்படித்தான். ஈரலைக் குடையும் குட்டிக்கு டிரைகிளாபெண்டசோல் என்ற மருந்து வேண்டும். அதைக் கறவை மாட்டுக்குக் கண்டபடி கொடுக்கக் கூடாது. பால் வற்றிய காலத்தில், மருத்துவர் சொல்லி மட்டுமே கொடுக்க வேண்டும்.

மாட்டுக்குக் குறட்டை நோயை உண்டாக்கும் மூக்குப் புழு, தட்டைப்புழுவில் இன்னொரு ரகம். 1933-இல் சென்னையில் ராவ் என்ற ஆய்வாளர் விவரித்துப் பெயரிட்ட புழு அது. இரத்தக் குழாயில் இருந்துகொண்டு சர்க்கரையைக் குடிக்கிறது. மனிதரைத் தாக்கும் அதன் உறவுப் புழு, தன் உலர் எடைக்குச் சமமான குளுக்கோஸை ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். அந்தச் சர்க்கரையை உடைக்கும் பாஸ்போபுரக்டோகைனேஸ் நொதியை ஆண்டிமனி என்ற தனிமம் சேர்ந்த மருந்துகள் தடுப்பதை 1957-இலேயே காட்டிவிட்டார்கள். மூக்குப் புழுவின் முட்டையைச் சாணத்தில் தேடாதீர்கள். அது மூக்குச் சளியில்தான் இருக்கும்.

இத்தனை விதமாகப் பிழைக்கும் புழுக்களுக்கு ஒரே மருந்தைப் பெட்டி பெட்டியாக வாங்குவதை நிறுத்துங்கள். ஒரு நுண்ணோக்கி வாங்குங்கள். சாணத்தை நீரில் கரைத்து வடிகட்டி, தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, மறுபடி நீர் விட்டுத் தெளியவிட வேண்டும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கும். வண்டலில் ஒரு துளி மெத்திலீன் நீலம் விட்டால், நீலத்தின் நடுவே கல்லீரல் புழுவின் முட்டை பொன்மஞ்சளாகத் தெரியும். நிறமில்லாமல் இருந்தால் பெரும்பாலும் வயிற்றுத் தட்டைப்புழு.

இதைப் பழகிக்கொள்ள ஒரு நாள் போதும். வரும் பேரவைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். உங்கள் பணியாளர்களுக்கு நானே வந்து சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பால் ஊற்றும் ஓர் உறுப்பினர்