ஃபூஜியின் கதையில் பாதியைத்தான் சொன்னீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் மருத்துவ ஆராய்ச்சி மோசடிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வாந்தி மருந்தைப் பற்றிப் பொய் ஆய்வுகளை எழுதி வெளியிட்ட ஜப்பானைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் யோஷிடாகா ஃபூஜியைப் பற்றி எழுதியதில் தப்பு எதுவும் இல்லை, அந்த ஆள் செய்தது அயோக்கியத்தனம்தான். ஆனால் கடைசிப் பத்தியில், ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்கு வாந்தி வராமல் இருக்கப் போடும் ஊசியும் இந்த வியாபாரத்தில் சேர்ந்ததுதானோ என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. நான் ரெக்கவரி அறையில், அதாவது ஆபரேஷன் முடிந்தவர்கள் மயக்கம் தெளியும் அறையில், வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். பத்திரிகையில் போட்டிருக்கிறதே சிஸ்டர், எனக்கு அந்த ஊசி வேண்டாம் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் பதில் சொல்ல வேண்டியவள் நான், நீங்கள் இல்லை.

முதலில் ஒன்று. வாந்திதானே, இதற்கெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்ற தொனி அந்தக் கட்டுரை முழுக்க இருந்தது. வயிற்றில் தையல் போட்டிருக்கும் ஒருவர் வெறும் வயிற்றோடு ஓங்கரிப்பதை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார். இரண்டு கையாலும் தையலை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள், கிட்னி டிரேயில் விழுவது என்னவோ கொஞ்சம் பச்சைத் தண்ணீர்தான், ஆனால் முகம் முழுக்க வியர்த்து, கண்ணில் நீர் கொட்டும். மயக்கம் சரியாகத் தெளியாதவர் என்றால் உடனே தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வாயில் இருப்பதை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போட வேண்டும், தாமதித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு எது வரவே கூடாது என்று நோயாளிகளையே வரிசைப்படுத்தச் சொன்ன ஆய்வு. வலியை அல்ல, வாந்தியைத்தான் அவர்கள் முதலில் வைத்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சரி, ஃபூஜிக்கு வருவோம். கிரானிசெட்ரான் என்ற வாந்தி மருந்தைப் பற்றி அவர் எழுதித் தள்ளிய ஆய்வுகளில் ஏதோ சரியில்லை என்று முதலில் சொன்னது போலீஸோ பத்திரிகையோ இல்லை, இதே வாந்தியை ஆராய்ந்துகொண்டிருந்த ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகர மருத்துவர்கள் மூன்று பேர். 2000-ல் ஒரு மயக்கவியல் இதழுக்கு எழுதினார்கள். (அதுவும் இதைப் போல ஆசிரியருக்கு எழுதிய கடிதம்தான்!) அவர்கள் கண்ணில் பட்டது தலைவலி. மருந்து போட்டவர்களில் சிலருக்குத் தலைவலி வரும், போடாதவர்களிலும் சிலருக்கு வரும், அந்த எண்ணிக்கை எங்கேயாவது ஒன்றிரண்டு தடவை ஒத்துப்போகலாம். ஃபூஜியின் ஆய்வுகளில் கட்டுரைக்குக் கட்டுரை, எல்லாக் குழுவிலும் அதே எண்ணிக்கை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்வானே, அந்த மாதிரி. உங்கள் முடிவுகள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன என்று கடிதத்துக்குத் தலைப்பே வைத்தார்கள். அதற்கு ஃபூஜியும் ஒரு பதில் எழுதினார், இதழ் இரண்டையும் அச்சிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அவர் பாட்டுக்கு அப்புறமும் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்.

2012-ல்தான் மாட்டினார். இங்கிலாந்தில் டார்க்கி என்ற கடலோர ஊரில் ஜான் கார்லைல் என்று ஒரு மயக்க மருத்துவர், ஃபூஜியின் 168 ஆய்வுகளை எடுத்து வைத்துக்கொண்டு வயது, உயரம், எடை என்று சாதாரண எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்தால் ஒரு குழுவின் சராசரி கொஞ்சம் ஏறும், இன்னொன்றில் கொஞ்சம் இறங்கும், அதுதான் இயற்கை. இவருடையதில் அந்த ஏற்ற இறக்கமே போதவில்லை. அந்த வருஷமே ஜப்பான் மயக்கவியல் சங்கம் விசாரித்து, 212 கட்டுரைகளில் 172-ல் புனைந்த தகவல்கள் இருப்பதாக அறிவித்தது. அவற்றில் 126 ஆய்வுகள் முழுக்க முழுக்கக் கற்பனை. அதாவது அந்த நோயாளிகளே கிடையாது.

உங்கள் கட்டுரை இங்கே வந்து நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்த இதழ்களின் மேல் உங்களை விட எனக்குக் கோபம் அதிகம். நாங்கள் போடுகிற மருந்துகளின் பட்டியலை அந்தப் பொய்களும் சேர்ந்துதானே எழுதின. ஆனால் பொய்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மருந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டாமா? அதையும் கார்லைலே கணக்குப் பார்த்தார். கிரானிசெட்ரான் வேலை செய்கிறது, ஆனால் ஃபூஜி காட்டின அளவுக்கு இல்லை. அதிசய மருந்தாக இருந்தது மற்றவற்றைப் போல ஒன்றாக ஆகிவிட்டது, அவ்வளவுதான். நாங்கள் அதிகம் போடுவது எமிசெட், அதாவது ஒன்டான்செட்ரான். அதற்கு ஃபூஜியை நம்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏன் என்றால், 2000-ல் கடிதம் எழுதிய மூவரில் ஒருவரான கிறிஸ்டியன் அப்ஃபெல் சும்மா இருக்கவில்லை. 2004-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 5,199 பேர், பல மருத்துவமனைகள். ஒன்டான்செட்ரான், டெக்சாமெதாசோன், ட்ரோபெரிடால் என்ற மூன்று வாந்தி மருந்துகளையும் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் வாந்தி, குமட்டல் வாய்ப்பைக் கிட்டத்தட்டக் கால்வாசி குறைத்தது, இரண்டாவதைச் சேர்த்தால் மிச்சத்தில் இன்னொரு கால்வாசி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூற்றுக்கு அறுபது பேர் வாந்தி எடுக்கப்போகும் கூட்டத்தில் கால்வாசி என்றால் பதினைந்து பேர் தப்பிக்கிறார்கள். பத்துப் பேர்தான் எடுப்பார்கள் என்ற கூட்டத்தில் இரண்டு மூன்று பேர்தான். அதனால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதை விட, யாருக்கு வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

அதற்கும் அதே அப்ஃபெல் 1999-ல் வழி சொல்லிவிட்டார், ஃபின்லாந்து, ஜெர்மனி நோயாளிகளை வைத்து. பெண்ணா, புகைபிடிக்காதவரா, முன்பு ஆபரேஷனுக்குப் பிறகோ பயணத்திலோ வாந்தி எடுத்தவரா, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா. நான்கே கேள்வி. ஒன்றுக்கும் ஆம் இல்லையென்றால் வாய்ப்பு 10 சதவீதம், அப்புறம் 21, 39, 61, நான்குக்கும் ஆம் என்றால் 79. (புகைபிடிப்பவர்களுக்கு வாந்தி குறைவு என்பது உண்மைதான், அதற்காக யாரும் இப்போது பீடி பற்ற வைக்க வேண்டாம்.) நம் ஊரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பித்தப்பைக்கோ கர்ப்பப்பைக்கோ ஆபரேஷனுக்கு வருகிற பெண்களில் பெரும்பாலானவர்கள் பீடி சிகரெட்டைத் தொடாதவர்கள். மேஜையில் படுக்கும்போதே இரண்டு மார்க்கோடு படுக்கிறார்கள். மலைப்பாதை பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு உட்காருகிறவர் என்றால் மூன்று. இப்படிப்பட்டவர்களிடம் போய் அந்த ஊசி வியாபாரமோ என்னவோ என்று சொல்லலாமா?

டெக்சாமெதாசோன் ஸ்டீராய்டு ஆயிற்றே, புண் ஆறாதே, சர்க்கரை ஏறுமே என்றும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியா தலைமையில் 8,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது, சர்க்கரை நோயாளிகளையும் சேர்த்துத்தான். ஒரே ஒரு டோஸால் புண்ணில் தொற்று கூடவில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் இருக்கிறோம். ஆய்வில் பெரிதாகப் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: விழித்திருப்பவருக்கு டெக்சாமெதாசோனை வேகமாகப் போட்டால் அந்தரங்க இடத்தில் எரிச்சலும் அரிப்பும் எடுத்துத் துள்ளிவிடுவார்கள், அதனால் மயக்கம் கொடுத்த பிறகு போடுவது வழக்கம்.

அடுத்த இதழில் திருத்தம் எல்லாம் போட வேண்டாம். அந்த நான்கு கேள்வியை ஒரு பெட்டி கட்டிப் போடுங்கள், போதும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கும் உங்கள் வாசகர்களிடம் மயக்க டாக்டர் முந்தின நாள் பார்க்க வரும்போது, அவர் கேட்காவிட்டாலும், போன தடவை விடிய விடிய வாந்தி எடுத்தேன் டாக்டர் என்று அவர்களாகவே சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டாரா என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி