‘மதம் பேசக் கூடாது’ என்றால் யார் பேசக் கூடாது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழில்நுட்பக் குழுக்களில் மதத்துக்கு இடமே தரக் கூடாது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் எரிச்சல் புரிகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு சந்தேகம் கேட்க டெலிகிராம் குழுவில் சேர்ந்தால், காலையில் முதலில் முருகன் படம் வருகிறது, அப்புறம் ஒரு பைபிள் வசனம், அதற்கும் கீழேதான் நம் கேள்விக்குப் பதில். ஆனால் முழுத் தடைதான் தீர்வு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பார்ப்போம். நம் கைபேசியிலும் உலாவியிலும் தகவல்களைச் சேமித்து வைப்பது பெரும்பாலும் அதுதான். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. வாடிக்கையாளர் நிறுவனங்கள் தங்கள் படிவங்களில் ‘உங்கள் நடத்தை விதி என்ன?’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தன. அதை நிரப்ப ஹிப் எடுத்துக் கொடுத்தது, ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குகளின் 4-ஆம் அதிகாரம். அதிலிருந்து 72 கட்டளைகள். முதல் கட்டளையே கடவுளை முழு மனதோடு நேசிக்க வேண்டும் என்பதுதான். 2018 அக்டோபரில் இது பலர் கண்ணில் பட்டு, இணையத்தில் பெரிய ரகளை ஆகிவிட்டது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் இந்தத் திட்டத்தில் எப்படிக் கலந்துகொள்வார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஹிப் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. ‘நடத்தை விதி’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘அறநெறி’ என்று வைத்தார். இப்போது அந்தப் பக்கத்தில் விளக்கம் தெளிவாக இருக்கிறது: இதை யாரும் பின்பற்ற வேண்டாம், தெரிந்துவைத்திருக்க வேண்டாம், நல்லது என்றுகூட நினைக்க வேண்டாம். மென்பொருளை எழுதும் நாங்கள் பயனர்களுக்குத் தரும் ஒருவழி வாக்குறுதி இது, நீங்கள் எங்களை எப்படி நடத்தினாலும் நாங்கள் உங்களை இப்படித்தான் நடத்துவோம். எதிர்த்துக் கேட்டவர்களால்தான் இந்தத் தெளிவு வந்தது என்பது என் எண்ணம். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

அதே மென்பொருளின் நிரல் கோப்புகளில், மற்றவர்கள் காப்புரிமை அறிவிப்பு வைக்கும் இடத்தில் மூன்று வரி வாழ்த்து இருக்கிறது. நன்மை செய்யுங்கள், மன்னிப்புப் பெறுங்கள், பிறரையும் மன்னியுங்கள், கொடுத்ததைவிட அதிகம் எடுத்துக்கொள்ளாமல் தாராளமாகப் பகிருங்கள் என்று போகும். நம் வீட்டுப் பெரியவர்கள் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியோ 786-ஓ சிலுவையோ போட்டு எழுதியது மாதிரிதான் இது. கடிதம் வாங்கியவர் யாரும் அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1987-ல் பெர்ல் என்ற நிரல் மொழியைத் தந்த லாரி வாலும் தன் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைத்ததில்லை. அவர் மொழியை நாத்திகர்களும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். யாருக்கும் ஞானஸ்நானம் ஆகிவிடவில்லை.

பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களிடம் மதமும் அரசியலும் பேசுவதில்லை என்று ஒரு பழைய மரபு உண்டு. அதை நான் மதிக்கிறேன். அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருந்தாக வேண்டும், தாண்டிப் போக வழியில்லை. ஒருவர் தன் சுயகுறிப்பில் எழுதிவைக்கும் வரிக்கு அந்த நியாயம் பொருந்தாது. படிக்கப் பிடிக்காவிட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது வேறொன்று. முழுத் தடை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. நான் இருக்கும் ஒரு குழுவில் ‘மத விஷயங்கள் வேண்டாம்’ என்பது எழுதப்பட்ட விதி. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த சர்வர் படம் வந்தபோது எல்லோரும் கை கூப்பினார்கள், அது பண்பாடாம். ‘தொழுகை முடித்துவிட்டு வந்து பதில் எழுதுகிறேன்’ என்று ஒரு தம்பி போட்டதற்கு, ‘இங்கே மதம் வேண்டாம் ப்ரோ’ என்று உடனே பதில் வந்தது. அவன் பிரசாரமா செய்தான்? ஏன் தாமதம் என்று சொன்னான், அவ்வளவுதான். பெரும்பான்மையின் நம்பிக்கை பழகிப்போய் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முன்னால் இஸ்ரோ விஞ்ஞானிகள் அதன் சின்ன மாதிரியோடு திருமலைக்குப் போனார்கள். அந்தப் படம் அதே குழுவில் வந்தது, அட்மின் உட்பட யாருக்கும் விதி நினைவுக்கு வரவில்லை. விஞ்ஞானிகள் போனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விதி ஒருவருக்கு மட்டும் நினைவுக்கு வருவதுதான் குறை.

அதனால் அட்மின்கள் மதம் இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, அடுத்தவர் மேல் சுமை ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். தன்னைப் பற்றிச் சொல்வது, பண்டிகைக்கு ஒரு வரி வாழ்த்து, தான் எழுதிய நிரலுக்கு முருகன் பெயரோ மரியாள் பெயரோ வைப்பது எல்லாம் இருக்கட்டும். ‘கடவுள் இல்லை’ என்று சுயகுறிப்பில் எழுதியவருக்கும் இதே உரிமை உண்டு. ஆமென் சொல், பத்துப் பேருக்கு அனுப்பு, உன் சாமி பொய் என்று இறங்கினால் யாராக இருந்தாலும் நீக்குங்கள். காலை வணக்கப் படங்களையும் தாராளமாக நீக்கலாம். அதில் சாமிக்குப் பதில் ரோஜாப்பூ இருந்தாலும் நீக்க வேண்டியவைதான்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.