கம்பர்லாந்திலிருந்து மேற்கே

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று இன்னும் பிடிவாதம்தானா? மருமகள் சொல்வதைக் கேள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேரன்தான் கட்டுக்குள் இல்லை.

போன வாரம் மகன் காரில் கொலம்பஸிலிருந்து மேரிலாந்து போய் வந்தோம். நான் கேட்டதற்காக, முடிந்தவரை பழைய நேஷனல் ரோட்டிலேயே ஓட்டினான். அமெரிக்க மத்திய அரசு தன் பணத்தில் போட்ட முதல் பெரிய சாலை அது. 1811இல் மேரிலாந்தின் கம்பர்லாந்து ஊரில் தொடங்கி, 1818இல் ஒஹாயோ நதிக்கரையில் வீலிங் நகரைத் தொட்டது. அப்புறம் இல்லினாயில் வண்டேலியா வரை இழுத்தார்கள், அதோடு சரி.

ஜல்லி முழுக்கக் கையால் உடைத்தது. அடியில் போடும் கல் ஏழு அங்குல வளையத்துக்குள் நுழைய வேண்டும், மேலே போடுவது மூன்று அங்குல வளையத்துக்குள்.

நியூ கான்கார்ட் பக்கத்தில் 1828இல் கட்டிய கல்பாலம் ஒன்று ஆங்கில 'எஸ்' மாதிரி நெளிந்து கிடக்கிறது. மேஸ்திரி போதையில் கட்டியிருப்பார் என்றான் மகன். விஷயம் வேறு. சாலை ஓடையைச் சாய்வாகக் கடக்கிறது. பாலத்தைத் தாங்கும் கல் வளைவையும் (ஆர்ச்) சாய்வாகக் கட்டினால் ஒவ்வொரு கல்லையும் கோணம் பார்த்துச் செதுக்க வேண்டும். அதனால் வளைவை ஓடைக்கு நேர்குறுக்காகக் கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் சாலையைத் திருப்பிச் சேர்த்துவிட்டார்கள். குதிரை வண்டிக்குப் போதும்; கார் வந்த பிறகுதான் திண்டாட்டம்.

டோல் கதைதான் உனக்கு ருசிக்கும். மத்திய அரசே டோல் வசூலிக்க வழிசெய்த மசோதாவை, அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று 1822இல் அதிபர் மன்ரோ தடுத்துவிட்டார். மராமத்துக்குப் பணம்? 1830களில் சாலையை மாநிலங்கள் தலையில் கட்டினார்கள். அவை டோல்கேட் போட்டன. சக்கரம் அகலமாக இருந்தால் கட்டணம் குறைவு! குறுகிய சக்கரம் சாலையைக் கீறும், அகலமானது அமுக்கிக் கொடுக்கும். ஓவர்லோடு லாரிகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினாயே, இந்த யோசனை ஏனப்பா உனக்கு வரவில்லை?

கிராண்ட்ஸ்வில் ஊரில் காஸல்மன் பாலம், 1813. ஒரே வளைவு, 80 அடி. கால்வாய் வந்தால் அடியில் படகு போகட்டும் என்று அவ்வளவு உயரம் வைத்தார்களாம். கால்வாய் கம்பர்லாந்தோடு நின்றுவிட்டது. ரயில் 1853இல் வீலிங்குக்கே போய், சாலைப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. மோட்டார் காலத்தில் மறுபடி உயிர் வந்து, 1926இல் யு.எஸ். 40 என்ற நெடுஞ்சாலை ஆனது. பாலத்தில் 1933 வரை வண்டி ஓடியிருக்கிறது. இப்போது நடக்க மட்டும்.

கட்டும்போது வளைவைத் தாங்கிய சாரத்தைப் பிரித்ததும் பாலம் இடிந்துவிடும் என்று ஊரே வேடிக்கை பார்க்க நின்றதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம்: இத்தனை பெரிய கல் வளைவுக்குச் சாரத்தை எத்தனை நாளில் பிரிக்கலாம்? பதிலில் எழுது. பொங்கலுக்கு முன் ஊருக்கு வந்துவிடுவேன்.

உன்,
ராஜு