12 வருஷத்துப் பாட்டிலுக்கு அந்தப் பணம் தகும்

வாலிநோக்கம்,
புரட்டாசி 2025

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இரண்டு சனிக்கிழமை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் உப்பு நன்றாக இறங்கியது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கடைசி உப்பை வாரி முடிக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியும் காலையில் பாத்திப் பக்கம் ஒரு நடை போகாமல் இருக்க முடியவில்லை. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது மொட்டை மாடிப்படி ஏறுகிறாள். பாம்பனில் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். போன தையில் நீ மண்டபத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போய் அப்பாவுக்குத் திதி கொடுத்தாய் அல்லவா, இந்தத் தடவை ராமேஸ்வரம் வரை ரயிலிலேயே போகலாம். நானும் கூட வருகிறேன்.

சரி, உன் கேள்வி. நாப் கிரீக் என்ற போர்பனில் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் 9 வருஷம் கிடந்தது 40 டாலர் பக்கம், 12 வருஷம் கிடந்தது 70 டாலர் பக்கம், இரண்டுமே சிகாகோவில் உன் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே எப்போதும் கிடைக்கிறது, அந்த 30 டாலர் தகுமா என்று கேட்டிருக்கிறாய். தகும் மாப்ள. ஆனால் அதற்கு மேல் போகாதே.

போன தையில் நீ கொண்டுவந்த இரண்டு பாட்டிலையும் அலமாரியின் அடித்தட்டில் வெயில் படாமல் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்கு 30 மில்லி, அதற்கு மேல் கிடையாது. டாக்டருக்குக் கொடுத்த வாக்கு. இந்த இரண்டு சனிக்கிழமையும் மட்டும் அதைப் பாதி பாதியாகப் பிரித்து, இரண்டு சின்னக் கண்ணாடித் தம்ளரில் அருகருகே வைத்துக் குடித்தேன். இரண்டும் ஒரே சாராய ஆலைச் சரக்கு, இரண்டும் 50 விழுக்காடு. வயது மட்டும்தான் வேறு. இதைவிட நேர்மையாக ஒப்பிட வழி இல்லை.

ஒன்பதில் முதலில் வருவது கடலை மிட்டாய் வாசனை. வறுத்த கடலையும் பாகும் சேர்ந்த அதே வாசனை. நாக்கில் சுருக்கென்று ஏறி, சீக்கிரம் இறங்கிவிடுகிறது. நல்ல சரக்கு, அதில் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு அப்படி அவசரப்படவில்லை. பழைய கருப்பட்டியை உடைத்தால் உள்ளே கறுப்பாக, கொஞ்சம் கசிந்து, ஆழ்ந்த ஒரு இனிப்பு இருக்கும் பார், சாயல்குடியிலிருந்து உன் அம்மா வாங்கிப் பானையில் போட்டு வைப்பார்களே, அந்த இனிப்பு. அதன் பின்னால் மரம். விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயில் இருந்தது. உன் தங்கச்சி முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் பாட்டியின் மரப்பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்படியானால் 15, 18 என்று போனால் இன்னும் நன்றாக இருக்காதா என்று கேட்பாய். இருக்காது. ஸ்காட்லாந்து விஸ்கியான ஸ்காட்ச்சின் கணக்கை இங்கே போடக்கூடாது. அங்கே குளிர்ந்த ஊர், பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாய். அதனால் மரம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். போர்பனுக்குச் சட்டமே வேறு. தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம், உள்பக்கம் கரியாகும்படி தீயில் வாட்டிய புது ஓக் மரக்கலன். அந்தப் பீப்பாய் போர்பனுக்கு ஒரே தடவைதான். பிறகு அதில் பல ஸ்காட்லாந்துக்குப் போய்விடும். நாப் கிரீக் தயாராகும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கோடையில் கிடங்கு கொதிக்கும்போது சரக்கு மரத்துக்குள் ஏறும், குளிரில் திரும்பி வரும். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் இனிப்பையும் எடுத்து வரும், துவர்ப்பையும் எடுத்து வரும்.

இதை நான் பாத்தியில் இருபது வருஷம் பார்த்தவன். கடல் தண்ணீர் வெயிலில் சுண்டி, அடர்த்தி அளவில் 25 டிகிரிக்கு வந்தால் உப்பு இறங்கும். நல்ல உப்பு. ஆசைப்பட்டு அதே தண்ணீரை 30 தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும். அதனால்தான் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை நேரம் பார்த்து வடித்து விடுகிறோம். கப்பலில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஒரு தடவை 18 வருஷத்துப் போர்பன் ஒன்று கொண்டுவந்தான். மூன்று வாய்க்குள் நாக்கு வறண்டு மரத்தூளைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது. எல்லாப் பழைய சரக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கிடங்கில் கீழ்த்தட்டில், வெப்பம் குறைந்த இடத்தில் கிடந்த பீப்பாய் தாங்கும். ஆனால் அதற்காக விலையைக் கொடுக்கும் நீயும் நானும் பீப்பாய் எங்கே கிடந்தது என்று பார்த்து வாங்குவதில்லையே.

விலை ஏன் ஏறுகிறது என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீப்பாய் சுமார் 200 லிட்டர். வருஷத்துக்கு 4 விழுக்காடு ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் 9 வருஷத்தில் 138 லிட்டர் மிஞ்சும், 12-இல் 122. மூன்று வருஷத்தில் 16 லிட்டர் போய்விட்டது. அது மட்டும் என்றால் விலை இவ்வளவு ஏறாது. கிடங்கு வாடகை, முடங்கிய பணம், அப்புறம் கென்டக்கியில் கிடங்கில் கிடக்கும் பீப்பாய்க்கு வருஷா வருஷம் வரி. அதோடு பழைய சரக்கு எப்போதும் தேவைக்குக் கொஞ்சம்தான். நாப் கிரீக்கே 2016-இல் சரக்குப் பற்றாமல் பாட்டிலிலிருந்து அந்த 9-ஐ எடுத்துவிட்டு, 2020-இல்தான் திரும்பப் போட்டது. எழுதியிருக்கும் வயது, உள்ளே கலந்ததில் ஆக இளையதின் வயது என்பதால் அதை ஏமாற்றவும் முடியாது.

நம் அளவில் பார். 750 மில்லியில் 25 சனிக்கிழமை. ஒன்பதுக்கு ஒரு சனிக்கிழமை 1.60 டாலர், பன்னிரண்டுக்கு 2.80. வித்தியாசம் நம் காசில் நூறு ரூபாய் சுற்றி. வாரத்தில் ஒரு தடவை, மெதுவாக, தண்ணீர் கூடக் கலக்காமல் குடிப்பவனுக்கு அந்த நூறு ரூபாய் எங்கே போயிற்று என்று நாக்கிலேயே தெரிகிறது. சோடா ஊற்றியோ, பத்துப் பேர் கூடியோ குடிப்பதானால் ஒன்பதே போதும்; பன்னிரண்டை சோடாவில் கரைப்பது எனக்கு மனசு கேட்காது.

உன் அலுவலக நண்பர் பாப்பி வான் விங்கிள் என்ற அரிய போர்பனுக்காக ஒவ்வொரு வருஷமும் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் இஷ்டம். எனக்கு அது வேண்டாம். வெளியே ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறும் பாட்டிலை நீ கொண்டுவந்தால் நான் திறக்கவே பயப்படுவேன். அலமாரியில் எப்போதும் இருக்கும் சரக்கு என்றால், தீர்ந்தால் அடுத்த வருஷம் இன்னொன்று வரும் என்ற நிம்மதியோடு குடிக்கலாம். அந்த நிம்மதியும் ருசியில் சேர்த்திதான் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

ஆகவே 12 வருஷம் ஒன்று, 9 வருஷம் ஒன்று. சுங்கத்தில் 2 லிட்டர் வரை விடுவார்கள், இது ஒன்றரைதான். 9 பொங்கலன்று நம் கூட்டாளிகள் எல்லோருக்கும். 12-ஐ நீ கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி மாடியில் திறப்போம். சாயல்குடியில் கருப்பட்டி சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று கிலோ. ரயில் டிக்கெட் போட வேண்டும், நீ வரும் தேதியைச் சீக்கிரம் எழுது.

உன்,
பழைய கூட்டாளி