புல்தரைக்கு மயில்துத்தம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத் தோட்டப் பராமரிப்பு பற்றிச் சென்ற வாரம் வந்த குறிப்பில், பூஞ்சாணத்துக்குப் போர்டோ கலவை (மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கரைத்த மருந்து) அடிக்கலாம் என்று இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் எந்தச் செடிக்கு என்று சொல்லவில்லை. கோத்தகிரிப் பக்கம் விடுதிகளிலும் பங்களாக்களிலும் லானில் பாசி படிந்தாலோ புல் மஞ்சளித்தாலோ உடனே மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் குறிப்பு துணைபோய்விடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

செம்பு மருந்து இலைமேல் படிந்து, பூஞ்சாண வித்து முளைக்காமல் தடுக்கும். வந்த நோயைக் குணப்படுத்தாது. உருளைக்கிழங்கின் பின்கருகலுக்கும் தேயிலையின் கொப்புள நோய்க்கும் நீலகிரியில் அது பல காலம் கைகொடுத்திருக்கிறது; அதைக் குறை சொல்லவே மாட்டேன். புல்வேரை அழுகவைக்கும் பூஞ்சாணமோ மண்ணுக்குள் இருக்கிறது. மேலே ஊற்றும் செம்பு அங்கே போய்ச் சேருமுன் மேல்மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான். அது உலோகம், மக்கிப் போகாது. வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். அதிலும் நம்முடையது புளிப்பு (அமில) மண். புளிப்பு கூடக்கூடச் செம்பு வேரில் எளிதாக ஏறிப் புல்லையே கருக்கும். மண்புழுவுக்கும் ஆகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோ மயில்துத்தத்தில் செம்பு மட்டும் சுமார் 250 கிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிருக்கே ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ செம்புதான் உச்சவரம்பு. ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. 5 சென்ட் புல்தரைக்கு அது 80 கிராம்தான் வரும். ஒரு கிலோ பொட்டலத்தைக் கரைத்து ஊற்றினால் மூன்று வருஷத்து அளவு ஒரே நாளில் இறங்கிவிடுகிறது!

போன ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு மேலே ஒரு விடுதியில், அடித்தது போக மீதியைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். நீலத் தண்ணீர் கல்லெல்லாம் கறை வைத்துக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது. அந்த ஓடையில் மோட்டார் வைத்துத்தான் கீழே கேரட் தோட்டத்துக்கு இறைக்கிறார்கள். மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் செம்பு எவ்வளவு கொடியது என்று கவிழ்த்த பையனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாவம், அவன் கையில் உறைகூட இல்லை.

பாசிக்குக் காரணம் நிழல், நீர்த்தேக்கம், மிதிபட்டு இறுகிய மண். சைப்ரஸ் கிளையைக் கழித்து வெயில் விழ விடுங்கள். மண்ணைக் குத்திவிட்டு, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். மண் பரிசோதனை செய்து, தேவையென்றால் புளிப்பைக் குறைக்க டாலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள்.

சரி, வேறு செடிக்குப் போர்டோ வேண்டியிருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்துக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்தால் சாக்கடையில் கொட்ட மீதி இருக்காது.

அடுத்த தோட்டக் குறிப்பில் "இது புல்தரைக்கு அல்ல" என்ற ஒரு வரியைத் தயவுசெய்து சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி