பழைய நூலகக் கட்டிடத்தை நாமே எடுத்து நடத்த நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் பகுதியில் இருக்கும் பழைய கிளை நூலகத்தையும் அதன் பின்பக்க மண்டபத்தையும் கவுன்சில் இனி நடத்தப் போவதில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புத்தகங்கள் எல்லாம் டவுன் சென்டருக்குப் போய்விட்டன. உள்ளூர்க்காரர்கள் ஓர் அறக்கட்டளையாகச் சேர்ந்து வந்தால், பெயரளவு வாடகைக்கு நீண்ட காலக் குத்தகையில் கட்டிடத்தைத் தரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் வராவிட்டால் ஏலத்துக்குப் போகும். எடுத்து நடத்துவது என்று முடிவு செய்து, அறக்கட்டளையையும் பதிவு செய்துவிட்டோம். இப்போது 40,000 பவுண்டு திரட்ட வேண்டும்.

கட்டிடக் குழுவில் இருக்கும் தமிழர்கள், தமிழ் வீடுகளுக்காக எழுதும் கடிதம் இது. பாகிஸ்தான், வங்கதேசக் குடும்பங்களிடமும், இந்தத் தெருக்களிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர்களிடமும் மற்ற உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு அங்கே நடக்கிறது என்பதற்காக மட்டும் நாங்கள் கேட்கவில்லை. பெரியவர்களின் புதன்கிழமை மதியச் சாப்பாடு, புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பு, மலிவு விலை மளிகை அலமாரி எல்லாம் அதே கூரைக்குக் கீழேதான். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியும் அதுவே.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். "மாதாமாதம் கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறோமே, அப்புறம் இதற்கு வேறு நாம் ஏன் தர வேண்டும்?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

நம்முடையது ஒரு மெட்ரோபாலிட்டன் பரோ. இங்கிலாந்தில் இப்படி 36 இருக்கின்றன. 1974 ஏப்ரலில் வந்த அமைப்பு இது. நாம் இருக்கும் கிரேட்டர் மான்செஸ்டரில் மட்டும் பத்து. அப்போது இவற்றுக்கு மேலே ஒரு கவுன்ட்டி கவுன்சிலும் இருந்தது. 1986இல் அதைக் கலைத்தார்கள். இன்று குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, பள்ளிகள், பூங்கா, நூலகம், முதியோர் பராமரிப்பு, பெற்றோரால் பார்க்க முடியாத பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பெரும்பாலான வேலைகள் பரோவின் தலையில்தான். பஸ், டிராம் போன்றவற்றை கிரேட்டர் மான்செஸ்டர் மேயரும், பத்துப் பரோக்களும் சேர்ந்த கூட்டு ஆணையமும் பார்க்கிறார்கள். மஞ்சள் நிற பீ நெட்வொர்க் பஸ்ஸைப் பார்த்து நம் கவுன்சிலைப் பாராட்டினாலும் திட்டினாலும் இரண்டுமே முகவரி மாறிப் போகும்.

இந்த வேலைகளில் சிலவற்றைச் சட்டப்படி செய்தே ஆக வேண்டும். முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் அப்படி. பள்ளிகளுக்கான பணத்தைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், கவுன்சில் செலவில் பாதிக்கும் மேல் இந்த இரண்டுக்கே போய்விடுகிறது. அதில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. நூலகத்துக்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது பரோ முழுவதற்கும் நல்ல நூலகச் சேவை வேண்டும் என்கிறதே தவிர, ஒவ்வொரு கிளையையும் திறந்து வைத்திருக்கச் சொல்லவில்லை. மண்டபத்துக்கு அந்த அளவுப் பாதுகாப்புகூடக் கிடையாது.

அப்படியானால் வரியைக் கூட்டட்டுமே என்று தோன்றும். கடந்த சில ஆண்டுகளாக, நம்மைப் போன்ற பரோக்கள் கவுன்சில் டாக்ஸை ஒரே ஆண்டில் 5 சதவீதமோ அதற்கு மேலோ கூட்ட நினைத்தால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அல்லது மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். அந்த வரியும் வீட்டின் 1991ஆம் ஆண்டு மதிப்பை வைத்துத்தான் இன்றும் கணக்கிடப்படுகிறது. நம் பக்கத்தில் வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகள், பெரும்பாலும் மிகக் குறைந்த வரிப் பிரிவுகளான ஏ, பி பேண்டுகள். இங்கே ஒரு சதவீதம் கூட்டினால் வரும் பணமும், தெற்கே பணக்கார ஊர்களில் ஒரு சதவீதம் கூட்டினால் வரும் பணமும் ஒன்றல்ல. அதோடு, 2010க்குப் பிறகு மத்திய அரசு மானியத்தை வெட்டியபோது, மானியத்தை அதிகம் நம்பியிருந்த இப்படிப்பட்ட பரோக்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. 36 பரோக்களில் மக்கள்தொகையில் மிகப் பெரியதான பர்மிங்காம் 2023 செப்டம்பரில் 114ஆம் பிரிவு அறிவிப்பு விட்டது. வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சட்டப்படி ஒப்புக்கொள்ளும் அறிவிப்பு அது. சம ஊதிய வழக்குகளும் சொதப்பிய கணினித் திட்டமும் அங்கே தனிக் காரணங்கள். ஆனாலும் மற்றப் பரோக்களின் நிதி அதிகாரிகளுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது.

"டவுன் சென்டரில் கோடிக்கணக்கில் கட்டுகிறார்களே?" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். ஸ்டாக்போர்ட்டில் பஸ் நிலையத்தின் கூரைமேலேயே பூங்கா வைத்துவிட்டார்கள். ராச்டேலில், கான்கிரீட்டுக்கு அடியில் பல பத்தாண்டுகளாக மறைந்து கிடந்த ராச் ஆற்றை 2016இல் திறந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்குள்ள டவுன் ஹாலையும் புதுப்பித்து 2024இல் திறந்தார்கள். போகாதவர்கள் ஒருமுறை போய் அந்தப் பெரிய மண்டபத்தின் மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள், கண்ணுக்கு விருந்து. இவற்றுக்கு எதிராகப் பேசுவது எங்கள் நோக்கம் அல்ல. ஆனால் இந்த மாதிரிப் பணம் பெரும்பாலும் மத்திய அரசிடமிருந்தோ லாட்டரி நிதியிலிருந்தோ, குறிப்பிட்ட திட்டத்துக்கென்று போட்டி போட்டு வாங்குவது. அந்தக் கணக்கிலிருந்து எடுத்து நம் மண்டபத்து ஓட்டையை அடைக்க முடியாது. மறுமலர்ச்சி என்றால் ஊர் நடுவே கண்ணாடிக் கட்டிடம் என்றே எல்லோருக்கும் பழகிவிட்டது. இரண்டு மைல் தள்ளி இருக்கும் தெருக்களுக்கு அது பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் காட்சி.

நம்மைப் போன்ற குழுக்களுக்கென்றே அரசின் சமூக உடைமை நிதி ஒன்று 2021 முதல் இருந்தது. பெரி கால்பந்துக் குழு 2019இல் லீகிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, அதன் கிக் லேன் மைதானத்தை ரசிகர்களே வாங்க உதவியது அந்த நிதிதான். 2024 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். நம் கட்டிடம் பேச்சுக்கு வந்தபோது அந்த வழி இல்லை. வேறு அறக்கட்டளைகளிடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: உங்கள் ஊர் மக்கள் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்?

கவுன்சில் ஏன் இவ்வளவு மலிவாகத் தருகிறது, இதில் ஏதும் சூது உண்டா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். பொதுச் சொத்தை நல்ல விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. ஆனால் வட்டார மக்களின் நலனுக்குப் பயன்படும் என்றால், 20 லட்சம் பவுண்டு வரை குறைத்துக் கொடுக்க 2003இல் பொது அனுமதி வந்தது. அதன்படிதான் இது நடக்கிறது. கவுன்சிலுக்கும் லாபம் இருக்கிறது. காப்பீடு, பராமரிப்பு, பொறுப்பு எல்லாம் நம் பக்கம் வந்துவிடும். கூரை ஒழுகுகிறது, அதையும் சேர்த்தே தருகிறார்கள்.

கட்டிடம் 1960களில் கட்டியது. தட்டைக் கூரை. 2023இல் பள்ளிகளை மூடவைத்த அந்த ராக் கான்கிரீட் (காற்றுக் குமிழ் நிறைந்த, திடீரென்று இடிந்து விழக்கூடிய வகை) இங்கே இல்லை என்று பொறியாளர் பார்த்துச் சொல்லிவிட்டார். பெரிய நிம்மதி. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டிடங்களில் அது சாதாரணம். நல்ல நிலையில் இருந்து, கலைக்காமல் விட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் பாய்லரை மாற்றக் குழாய்களைத் தொடும்போது உரிமம் பெற்றவர்களை வைத்து முறைப்படி அகற்ற வேண்டும். ஆகப் பணம் போகும் இடங்கள் கூரை, பாய்லர், ஆஸ்பெஸ்டாஸ், மின் இணைப்பு, சாலிசிட்டர் கட்டணம், முதல் ஆண்டுக் காப்பீடு. கூரைதான் இதில் பெரிய பங்கு.

எரிச்சலூட்டும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். இதே கூரையைக் கவுன்சில் போட்டால், கட்டும் வாட் வரியை அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நம்மைப் போன்ற சிறு அறக்கட்டளை போட்டால் அந்த 20 சதவீதம் போனது போனதுதான். யார் இப்படி யோசித்தார்களோ தெரியாது. வீடல்லாத கட்டிடங்களுக்குக் கட்டும் பிசினஸ் ரேட்ஸ் வரியில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்: அறக்கட்டளை என்பதால் 80 சதவீதம் தள்ளுபடி சட்டப்படியே உண்டு. மீதி 20 சதவீதத்தையும் தள்ளுவது கவுன்சிலின் விருப்பம். கேட்டிருக்கிறோம்.

குழுவுக்குள்ளேயே இதை எதிர்த்தவர்கள் இருக்கிறார்கள். கவுன்சில் செய்ய வேண்டிய வேலையை நாம் இழுத்துப் போட்டுக்கொண்டால், அடுத்து பூங்காவை நீட்டுவார்கள், அதற்கடுத்து நீச்சல் குளத்தை நீட்டுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மான்செஸ்டரில் வித்திங்டன் நீச்சல் குளத்தை 2015இல் உள்ளூர் மக்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள், நன்றாகவே நடக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் அப்படி ஆட்கள் கிடைப்பார்களா? கடைசியில் பெரும்பான்மை "எடுப்போம்" என்றது. ஏலத்தில் போனால் திரும்பி வராது என்பதுதான் காரணம். எதிர்த்தவர்களின் பேச்சைக் கேட்டு, குத்தகையில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்: ஐந்தாம் ஆண்டில் நம்மால் முடியவில்லை என்றால், அபராதம் இல்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். இது இல்லாமல் கையெழுத்துப் போடப் போவதில்லை.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பொதுவாக ஒன்றை நடத்துவது இந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதிதல்ல. 1844இல் ராச்டேலில், டோட் லேன் தெருவில், நெசவாளர்களும் பிற தொழிலாளிகளும் சேர்ந்து 28 பவுண்டு முதலீட்டில் ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. பிற்பாடு லாபத்தில் ஒரு பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி நூலகமும் வாசக அறையும் நடத்தினார்கள். அவர்கள் வழியைப் பார்த்து 1904இல் தொடங்கியதுதான் சென்னைக்காரர்கள் டி.யூ.சி.எஸ். என்று சொல்லும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். உங்களில் யாருடைய தாத்தா பாட்டியாவது அதில் வரிசையில் நின்று அரிசி வாங்கியிருப்பார்கள்.

சரி, எவ்வளவு தரலாம்? ஒரு வீட்டுக்கு மாதம் 10 பவுண்டு என்று ஓராண்டுக்கு ஸ்டாண்டிங் ஆர்டர் (வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் ஏற்பாடு) போட்டால் எங்களுக்கு மிகவும் உதவி. ஒரே தடவையாகத் தர விரும்புபவர்கள் அப்படியே தரலாம். 5 பவுண்டும் வாங்குவோம். இங்கே வருமான வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். 100 பவுண்டு 125 ஆகிவிடும். 40 சதவீத வரி கட்டும் டாக்டர்கள், ஐ.டி. நண்பர்கள் தங்கள் வரிக் கணக்கில் அதில் 25 பவுண்டைத் திரும்பவும் பெறலாம். ஆண்டு முழுவதும் கட்டும் வரி, கிஃப்ட் எய்டாக அரசு தரும் தொகையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். வித்தியாசத்தை உங்களிடமே கேட்பார்கள்.

கோயில் ட்யூப் லைட்டில் உபயதாரர் பெயரை வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது இல்லை. வாசலில் ஒரே பலகை, தந்தவர்கள் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், தொகை போடாமல். பெயர் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பணமும் கூரைக் கணக்கு என்ற தனிக் கணக்கில் இருக்கும். காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் தமிழர் அல்லாதவர். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். குத்தகை கையெழுத்தாகாமல் போனால், சாலிசிட்டருக்கும் பொறியாளருக்கும் அதுவரை கொடுத்தது போக மீதியை அவரவர் பங்குப்படி திருப்பித் தருவோம்.

பணம் தர வசதி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன், கணக்காளர், காப்பீட்டுத் துறையில் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால், மாதம் இரண்டு மணி நேரம் கொடுத்தாலே எங்களுக்குப் பெரிய மிச்சம். இன்னொன்று: இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களும் இங்கே சட்டப்படி வசித்தால் தேர்தலில் வாக்களிக்கலாம். பெயர் பதிவு செய்யாத வீடுகள் நம்மில் நிறைய. கவுன்சிலரிடம் பிசினஸ் ரேட்ஸில் அந்த மீதி 20 சதவீதத் தள்ளுபடியைக் கேட்கப் போகும்போது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் பேச்சுக்குத் தனி மரியாதை.

வங்கிக் கணக்கு விவரமும் கிஃப்ட் எய்ட் படிவமும் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடியும் நேரத்தில் மண்டப வாசலில் கிடைக்கும். புதன்கிழமை மதியமும் ஒருவர் இருப்பார். ரொக்கமாகத் தருபவர்கள் தயவுசெய்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் தர மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கட்டிடக் குழுவின் தமிழ் உறுப்பினர்கள்