டிஸ்க் உள்ளதையே வாங்கு

அன்புள்ள மீனா,

உன் நீளமான குரல் செய்தியைப் பஸ்ஸில் வரும்போது கேட்டேன். பாதி ஹாரன் சத்தத்தில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டேன். இனி இப்படிப் பேசி அனுப்பாமல் பழையபடி எழுதிக்கொள்ளலாம் என்று போன தீபாவளிக்கு நீதான் சொன்னாய். நான் எழுதுகிறேன், நீ எப்படியோ போ.

மாமியாருக்கு முட்டி அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்து, ரசத்துக்குப் புளி போதாது என்று சொல்கிற அளவுக்குத் தேறியாயிற்று. இவருக்கு இன்னும் மாற்றல் ஆர்டர் வரவில்லை. பெரியவள் பிளஸ் டூ என்பதால் வராமலிருப்பதே நல்லது. சின்னவன் உன் பையனைப் போலத்தான், கையில் வீடியோ கேம் கன்ட்ரோலர் இல்லாமல் பார்ப்பது அபூர்வம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு மார்க்குக்காகப் பையனுக்கு சோனியின் வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாய். டிஸ்க் போடுகிற மாடலா, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடலா என்பது உன் குழப்பம். டிஜிட்டல்தான் விலை குறைவு, "இப்பல்லாம் யாரு மேடம் டிஸ்க் வாங்குறா" என்று கடைக்காரப் பையன் சொன்னானாம். அவன் சொல்வது பொய்யில்லை. ஆனாலும் டிஸ்க் உள்ளதையே வாங்கு.

முதல் காரணம் வெறும் கணக்கு. இந்தப் பெட்டி இங்கே வந்த 2021-ல் சோனியின் சொந்தப் பெரிய ஆட்டங்கள் சில 4,999 ரூபாய்க்கு விற்றன. டிஸ்காக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கலாம், வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரவல் தரலாம். டிஜிட்டல் மாடலில் ஆட்டத்தை இறக்கிக்கொள்ள சோனியின் கடை ஒன்றுதான். அவர்கள் வைத்ததுதான் விலை, தள்ளுபடியும் அவர்கள் நினைத்தபோதுதான். ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நிலைமையில் வாடிக்கையாளருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று உனக்குத் தெரியாததா? இப்போதைய ஒல்லி மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பிறகு மாட்டிக்கொள்ளவும் வழி உண்டு. அதை மாட்டும்போதும் ஒருமுறை இணையத்தில் போய்ப் பதிவு செய்தாக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பாகத்தை நம் பெட்டியில் மாட்டுவதற்குக்கூட அனுமதி! ஆபீசில் மென்பொருள் லைசன்ஸ் புதுப்பிப்பதே என் வேலையாக இருப்பதால் இதெல்லாம் சட்டென்று கண்ணில் படுகிறது.

உறையூரில் உங்கள் வீட்டு டிவியில் செருகி ஆடிய அந்த சீனா வீடியோ கேம் செட்டை நினைத்துப் பார். மஞ்சள் கேசட், மேலே '9999999 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே திருப்பித் திருப்பி அதே மரியோவும் கான்ட்ராவும்தான். ஓடவில்லையென்றால் அண்ணன் வாயால் ஊதி மறுபடி செருகுவார். தெருவில் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தெரியாமலே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவன் யாரோ, மரியோவை உருவாக்கிய நிண்டெண்டோவுக்கு ஒரு பைசா போயிருக்காது. அப்புறம் சென்னைக்கு வந்து பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் சிடி வாங்கிய காலத்திலும் அதே கதைதான். நாமெல்லாம் திருட்டுச் சரக்கில் வளர்ந்த தலைமுறை.

நம்மைக் காசு கொடுத்து வாங்க வைத்தது எந்தப் போலீஸ் ரெய்டும் இல்லை, கம்ப்யூட்டர் ஆட்டங்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் என்ற கடைதான். அதை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், திருட்டுப் பிரதி என்பது விலைப் பிரச்சினையைவிட சேவைப் பிரச்சினை என்று 2011-ல் சொன்னார். நம் ஊரைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருக்கும். 2015-ல் ஸ்டீமில் ரூபாயில் விலை வந்தது. அதே வருஷம் ஜூனில், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்றார்கள். 'விற்ற பொருள் வாபஸ் பெறமாட்டாது' என்ற போர்டுக்குக் கீழேயே நின்று பழகியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! என் தம்பி அன்றோடு திருட்டு சிடியைத் தொடுவதை விட்டான். இன்றைக்கு அவன் அக்கவுண்டில் பாதிக்கு மேல் ஒருமுறைகூடத் திறக்காத ஆட்டங்கள். தள்ளுபடி வந்ததும் வாங்கிவிட வேண்டும். நாம் ஆடி மாதத்தில் சேலை எடுப்பதைக் கிண்டல் செய்தவன்தான்.

ஆனால் இன்றைய வம்பும் அந்தக் கடையில்தான் தொடங்கியது. ஸ்டீம் 2003 செப்டம்பரில் வந்தது. மறு வருஷம் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, கடையில் டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்குத் திறந்து பதிவு செய்தால்தான் ஆட முடியும் என்று வால்வ் வைத்தது. அன்றைக்கு நிறையப் பேர் திட்டினார்கள். கொஞ்ச நாளில் பழகிப்போயிற்று. டிஸ்க் கையில் இருக்கிறது, ஆட்டம் கையில் இல்லை என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. ஸ்டீம் கணக்கை இன்னொருவருக்கு மாற்றித் தரவும் ஒப்பந்தத்தில் இடமில்லை. உயிலில் எழுதி வைத்தாலும் செல்லாது. தம்பியிடம் சொன்னேன், "நீ போனால் எல்லாம் போச்சு." அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் டிஸ்க் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்றும் நீ நினைக்கக் கூடாது. 'தி க்ரூ' என்று ஒரு கார் ஆட்டம். பிரான்சின் யுபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓட்டிக்கொண்டே போகலாம். தனியாகவே ஆடி முடிக்கிற கதையும் அதில் உண்டு, இருந்தும் எப்போதும் கம்பெனியின் சர்வரோடு இணைந்திருந்தால்தான் ஓடும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். ஆட்டம் முடிந்தது. டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் இல்லை, டவுன்லோட் செய்தவனுக்கும் இல்லை. மிக்சி செய்த கம்பெனி மூடினால் நம் வீட்டு மிக்சி நின்றுவிடுமா, சொல்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் நியாயமும் ஒன்று இருக்கிறது. நிஜக் கார்களையும் பாட்டுகளையும் வைத்து ஆட்டம் செய்கிறார்கள், அவற்றுக்கான உரிமம் சில வருஷங்களில் முடிந்துவிடும். அதற்குமேல் விற்க முடியாது. சரி, விற்பதை நிறுத்தட்டும். மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' 2024 டிசம்பரில் அப்படித்தான் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டும் கார் ஆட்டம்தான், இரண்டிலும் உரிமச் சிக்கல்தான். ஒருவர் கடையைச் சாத்தினார், இன்னொருவர் நம் வீட்டுக்குள் வந்து சாமானை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு இந்த வித்தியாசம் போதும். சர்வர் செலவு ஆயுசுக்கும் ஏற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. போகும்போது, சர்வர் இல்லாமலும் ஓடுகிற மாதிரி திருத்திக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்க ஒரு இயக்கமே வந்தது. ராஸ் ஸ்காட் என்ற யூடியூப்காரர், க்ரூ நின்ற அடுத்த மாதமே 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் கோரிக்கைக்கு 10 லட்சம் கையெழுத்து வேண்டும். ரொம்ப நாள் தள்ளாடிக்கொண்டிருந்தது, 2025 ஜூலையில் கெடு முடிவதற்குள் தாண்டிவிட்டது. சட்டமாகுமா என்பது வேறு விஷயம். ஆனால் சத்தம் போட்டதற்குப் பலன் இருந்தது. க்ரூவின் இரண்டாம் பாகத்தை இணையம் இல்லாமலும் ஆட வழி செய்வோம் என்று யுபிசாஃப்டே 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆக, செய்ய முடியாத காரியமில்லை. கேட்க ஆளில்லாதவரை செய்யவில்லை, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. ஆடுவதற்கான உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதைச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைக்கக் கூடாது. அதற்குக் கொஞ்சம் முன்பே ஸ்டீம் பணம் கட்டும் இடத்தில், கிடைப்பது உரிமம்தான் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டது. யார் படிக்கப் போகிறார்கள்? சிகரெட் பெட்டியில் படம் போட்டிருப்பதால் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் வியாபாரம் குறைந்தாற்போலத் தெரியவில்லை.

இதெல்லாம் படித்துவிட்டு நான் டிஜிட்டல் கடையே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. 'வெண்பா' என்ற ஆட்டத்தை ஆடினாயா? டொராண்டோவில் ஒரு சிறிய குழு செய்தது, 2023 ஜூலையில் வந்தது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் புத்தகம், பாதி அழிந்த குறிப்பை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். மொத்தமே ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது, முதல் படைப்புக்கான பிரிவில். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடினேன். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் "மாத்தி வைடி" என்று விடையைச் சொல்லிவிட்டார். வீட்டில் எத்தனையோ ஆட்டம் ஓடியிருக்கிறது, அவர் வாயைத் திறந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

டிஸ்க் மட்டுமே இருந்த காலத்தில் இப்படி ஓர் ஆட்டத்தை யார் அச்சடித்து, எந்தக் கடை அலமாரியில் வைத்திருப்பார்கள்? விற்பனையில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வது ஸ்டீமின் வழக்கம். எபிக் என்ற போட்டி நிறுவனம் 2018-ல் 12 சதவீதத்துக்குக் கடை திறந்தும் பெரிதாக அசைக்க முடியவில்லை. கமிஷன் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. இருந்தாலும் சின்ன ஆட்கள் உள்ளே வர அந்தக் கதவுதான் இருக்கிறது.

என் வயிற்றெரிச்சலும் இந்தச் சின்ன ஆட்களை நினைத்துத்தான். பெரிய ஆட்டத்தை மெருகேற்றி மறுபடி மறுபடி விற்பார்கள், அது பிழைத்துக்கொள்ளும். கடை மூடும்போது முதலில் காணாமல் போவது இணையத்தில் மட்டுமே வந்த சின்ன ஆட்டங்கள். நிண்டெண்டோ தன் பழைய கேம் பெட்டிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடியது, மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்கான கடையை 2024 ஜூலையில் மூடியது. சோனியும் 2021-ல் தன் பழைய பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடுவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதத்தை இன்று விலை கொடுத்து வாங்க வழியில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆராய்ந்து சொன்னது. அந்த 87 சதவீதமும் எங்கே உயிரோடு இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்களிடம். பர்மா பஜாருக்கு ஒரு கும்பிடு.

அப்புறம், மாதச் சந்தா வாங்கச் சொல்லி உன் பையன் நச்சரிப்பான். விடுமுறை மாதத்துக்கு மட்டும் போட்டுக் கொடு, தானாகப் புதுப்பிப்பதை அன்றே அணைத்துவிடு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் என்ற சந்தாவின் உயர்ந்த திட்டம் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து ஒரே தாவலில் 30 டாலர் ஆனது. யூபிஐ பின்னை அவனுக்குச் சொல்லாதே, ஆட்டத்துக்குள் துப்பாக்கிக்குச் சட்டை மாட்டி விற்கிற கூட்டம் உன் தங்க நகைக்கடையைவிட மோசம். கம்ப்யூட்டரில் ஆடுவதானால் தம்பி ஜிஓஜி என்ற போலந்துக் கடையைச் சொல்கிறான். அங்கே வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கிப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம், கடை இருந்தால் என்ன, போனால் என்ன. எல்லாப் புது ஆட்டமும் அங்கே வராது. வருகிறவற்றை நான் அங்கேதான் வாங்குகிறேன்.

டிஸ்க் வாங்கும்போதும் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல். எப்போதும் இணைய இணைப்பு தேவை என்று போட்டிருந்தால் அவ்வளவு விலை கொடுக்காதே, தள்ளுபடிக்குக் காத்திரு. படிக்கிற பழக்கமாவது வரட்டும்.

உன் மாமனார் வீடியோ கேமையும் ஆன்லைன் ரம்மியையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுகிறார் என்றாயே, இங்கேயும் அதே. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை ஒன்றிய அரசு தடை செய்த செய்தி வந்தபோது, "அப்பாடா, ஒழிஞ்சுது" என்று மாமியார் சின்னவனின் கன்ட்ரோலரைத்தான் பார்த்தார். வெண்பா ஆடிய அதே கன்ட்ரோலர். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வாங்கியதும் என்ன மாடல் என்று எழுது. சின்னவனிடம் ஸ்பைடர்மேன் டிஸ்க் முடித்துவிட்டுச் சும்மா கிடக்கிறது, அண்ணன் அடுத்த வாரம் சென்னை வருகிறார் என்றாயே, அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் பையன் முடித்ததும் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும், கோடு விழுந்தால் உன்னிடம்தான் கேட்பேன். அம்மாவுக்குச் சுகர் எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவேயில்லை. அதை முதலில் எழுது.

அன்புடன்,
பவானி